பலாலி எவ்வளவு தூரம்?

2025 பிப்ரவரியில் ஒரு முற்பகல். முதுகலை முதலாண்டு வகுப்பில் பதிப்பு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய கதையைச் சொல்லிவிட்டு, அவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, யாழ்ப்பாணம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"ரொம்பத் தூரம்மா" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. மாணவி அமர்ந்துவிட்டாள்; பாடம் தொடர்ந்தது. மணியடித்து ஆசிரியர் அறைக்கு வந்த பிறகுதான் அந்த விடை உறுத்தத் தொடங்கியது. அவள் கேட்டது ஓர் எண். நான் சொன்னது ஓர் எண்ணம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவன், அதிலும் யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய் வந்தவன், சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவன்று.

அன்று மாலை விமான நிலையங்களின் அகலாங்கு, நெட்டாங்கு விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் எப்போதும் சுமார்தான். ஆகவே இயற்பியல் துறை நண்பர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.) விடையைப் பார்த்து இருவருமே சற்று நேரம் பேசாமல் இருந்தோம். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் ஏறத்தாழ அதே 184தான். சென்னைக்கோ 293. அதாவது காவிரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என் மாநிலத்தின் தலைநகரைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து அளந்தாலும் கதை பெரிதாக மாறவில்லை. மீனம்பாக்கம் – பலாலி 354 கிலோமீட்டர். மீனம்பாக்கம் – கோவை 404. மீனம்பாக்கம் – மதுரை 416. சென்னைக்காரருக்கு யாழ்ப்பாணம் மதுரையைவிட அருகில் உள்ள ஊர். இதை நண்பர்கள் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பியவர் ஒருவரும் இல்லை. "கடல் இருக்கே சார்" என்றார் ஒருவர், கடலுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது என்பதுபோல.

இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையிலான தொலைவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் தவறும் கலந்திருக்கிறது.

2004ஆம் ஆண்டு. முதுகலை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து அச்சு முயற்சிகளைப் பற்றி ஏதாவது எழுதிவிட வேண்டும் என்ற வேகம். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சுக்கூடம் வாங்கிப் போனார். வண்ணார்பண்ணையில் அதை நிறுவினார். பின்னர் சென்னையிலும் ஒன்றை நடத்தினார். அந்தப் பதிப்புகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். போர்நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். 2002இல் ஏ9 சாலை திறந்துவிட்டிருந்தது. நண்பர்கள் தந்த கடனில் கொழும்புக்குச் சீட்டு எடுத்தேன். அன்று வேறு வழி இல்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டுமானால் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து திரும்பி வடக்கே வர வேண்டும்.

இதன் விபரீதம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் உறைத்தது. சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 643 கிலோமீட்டர். சென்னை – பலாலி 354. பலாலி – கட்டுநாயக்க 290. பின்னிரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 644. முழுக்கோட்டுக்கும் இதற்கும் ஒரு கிலோமீட்டர்தான் வேறுபாடு. அதாவது சென்னை – கொழும்பு நேர்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தலைமேலேயே போகிறது. விமானங்கள் தமக்கு விதிக்கப்பட்ட வான்வழிகளில் சற்று விலகிப் பறக்கலாம். கோடு என்னவோ அதுதான். போக வேண்டிய ஊரைத் தாண்டி 290 கிலோமீட்டர் அப்பால் போய் இறங்கி, பிறகு நானூறு கிலோமீட்டர் சாலையில் திரும்பி வந்தேன்.

சாலைப் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கடிகாரத்தை. இலங்கை 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் நேரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரைமணியைக் குறைத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு, அதாவது இந்திய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில், ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் அமைந்த சென்னைக்கும் கொழும்புக்கும் அரைமணி நேரம் வித்தியாசம். ஆகவே பயணச்சீட்டில் போகும்போது அரைமணி கூடியும் வரும்போது அரைமணி குறைந்தும் பயண நேரம் தோன்றும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே. சென்னையில் புறப்படும்போது ஒரு நேரம். கொழும்பில் அரைமணி கூட்டினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு மீண்டும் ஏறியபோது, பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னுக்குத் திருப்பினார். நானும் திருப்பினேன். முகமாலையைத் தாண்டி இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்குள் நுழைந்ததும் அவர் மறுபடி முன்னுக்குத் திருப்பினார். அதையும் செய்தேன். வன்னிக் காட்டு வழியில் போய்க்கொண்டிருந்த அந்தச் சில மணிநேரம் என் கடிகாரம் சென்னையோடு ஒத்துப்போயிற்று. தொலைவு என்பதை வேறு எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் முன்னோர்க்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 'நாழிகை வழி' என்று ஓர் அளவு நம்மிடம் இருந்தது. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தொலைவு. 'கூப்பிடு தூரம்' என்று இன்னொன்று. ஒருவன் கூப்பிட்டால் இன்னொருவன் செவியில் விழும் தொலைவு. இரண்டிலும் நிலத்தைக் கயிறு போட்டு அளக்கவில்லை. நடப்பவனையும் கூப்பிடுபவனையும் வைத்து அளந்திருக்கிறார்கள். நடப்பவன் தடுக்கப்பட்டால் நாழிகை வழி நீண்டுவிடும். கேட்பவன் காதைப் பொத்திக்கொண்டால் கூப்பிடு தூரம் சுருங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் நான் தங்கியது கொக்குவிலில். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீடு. அதுவும் அவருடைய சொந்த வீடன்று, வாடகை வீடு. பெயரைச் சொல்ல அவர் மகள் விரும்ப மாட்டார் என்பதால் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். ஐயாவின் பிறந்த ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் அப்பகுதி மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தபோது அவரும் வெளியேறினார். ஒரு டிரங்குப் பெட்டியில் எடுத்து வந்த நூல்கள் மட்டும் மிஞ்சின. அந்தப் பெட்டிக்குள்தான் நான் தேடி வந்தவற்றில் சில இருந்தன.

போய்ச் சேர்ந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எத்தனை மணித்தியாலம் பிடிச்சது?" என்பது. சென்னையில் அறையைப் பூட்டியது முதல் அவர் வாசலை அடைந்தது வரை கணக்கிட்டேன். இருபத்தாறு மணிநேரம் என்றேன். சிரித்தார். "முந்தி பலாலியில ஏறினா ஒண்டரை மணித்தியாலத்தில மெட்ராஸ். காலமை போய்ப் படம் பாத்திட்டு வந்த ஆக்கள் இருக்கினம்." படம் பார்த்துவிட்டு அன்றே திரும்பிய கதை யாழ்ப்பாணத்தில் பலர் வாயிலும் கேட்டது, கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் விமானம் பொய்யன்று. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே, 1947 டிசம்பர் 10 அன்று, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. காங்கேசன்துறை என்று அன்று குறிக்கப்பட்டது இந்தப் பலாலி நிலையந்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த ஓடுபாதை. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி வான்வழி இருந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1970களின் இறுதியில் ஏர் சிலோன் முடங்கியது. பின்பு போர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடி, 1964 புயலுக்குப் பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் நின்றது. 354 கிலோமீட்டர் ஓர் அங்குலமும் கூடவில்லை. ஒன்றரை மணிநேரம் மட்டும் இருபத்தாறு மணிநேரமாகி, போர் மூண்ட ஆண்டுகளில் கணக்கிட முடியாததாயிற்று.

மறுநாள் மாலை, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஐயா சொன்ன ஒன்றை நான் அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இன்னும் இருக்கிறது. "நாங்கள் உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறம் தம்பி. நீங்கள்தான் எங்களுக்குத் தூரத்தில இருக்கிறியள்."

சொற்சாதுரியம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு எந்த முனையிலிருந்து அளந்தாலும் ஒன்றுதானே? வடிவியலில் அப்படித்தான். தமிழிலக்கிய வரலாற்றில் அப்படியில்லை.

யோசித்துப் பாருங்கள். நாவலர் இங்கு வந்தார். சிதம்பரத்தில் பள்ளி நிறுவினார். தாமோதரம் பிள்ளை இங்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவரும் யாழ்ப்பாணத்தாரே, விசுவநாத பிள்ளை. வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் தாமோதரம் பிள்ளையின் பதிப்பில்தான் தமிழ்நாடு அச்சில் படித்தது. கே. டானியல் 1986இல் உயிர்நீத்தது தஞ்சாவூரில். நுஃமானும் யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் வெளியானது சென்னை க்ரியா வழியாக. அவர்களுடைய நூல்களும் அவர்களும் வந்துகொண்டேயிருந்தார்கள், கப்பலிலும் விமானத்திலும், கடைசியில் அகதிப் படகிலும். எதிர்த்திசையில்? நம் வார இதழ்கள் மூட்டை மூட்டையாகப் போயின. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு அவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நம்மவர்க்கு வந்த கோபத்தில் பாதியாவது, 1966 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து டொமினிக் ஜீவா நடத்திய மல்லிகை நம் ஊர்க் கடைகளில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்காக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது போகட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததைப் பற்றி நாம் கவியரங்கம் நடத்தியிருக்கிறோம், கண்ணீர் விட்டிருக்கிறோம். அந்நூலகம் மீண்டும் கட்டப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

'தொப்புள்கொடி உறவு' என்ற சொல்லை மேடைகளில் கேட்கும்போதெல்லாம், அந்தக் கொடி எத்தனை கிலோமீட்டர் என்று எழுந்து கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

2004இல் விடைபெறும்போது, "அடுத்த ஆண்டு வருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு வேலை கிடைத்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 மறுபடி மூடியது. அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 வரை எனக்குச் சொல்லக் காரணம் இருந்தது. 2009க்குப் பிறகு? சாலை திறந்துவிட்டது. கொழும்பு வழியாகப் போயிருக்கலாம். தேர்வுத்தாள் திருத்தும் பணி, நாக் குழு வருகை, வீடு கட்டும் கடன் என்று ஆண்டுகள் போயின. ஐயாவுடன் தொலைபேசியில் பேசுவேன். ஒவ்வொரு முறையும் "வழிதான் பெரிது" என்பேன். "ஓம் ஓம்" என்பார்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து ஏடிஆர் 72 வகைச் சிறு விமானத்தை விட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நேர்கோட்டில் பயணிகள் விமானம் பறந்தது. ஐயாவே அழைத்துச் சொன்னார். அரையாண்டு விடுமுறையில் வருகிறேன் என்றேன். பிறகு, கோடை விடுமுறையில் என்றேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியபோது ஐயா இல்லை. 2021இல் காலமாகிவிட்டிருந்தார்.

நான்கு மாதங்கள் அந்த வழி திறந்திருந்தது. நான்கு மாதமும் திருச்சியில் உட்கார்ந்து தொலைவைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் தயக்கமின்றிச் சொன்ன 'ரொம்பத் தூரம்' எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தே பலாலிக்கு நேரடி விமானம் தொடங்கியது. இனிச் சொல்ல எனக்குச் சாக்கு மிச்சமில்லை. ஜூன் மாதத்தில் போனேன்.

பயண நேரத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இதில் பலருக்கும் மயக்கம் உண்டு. ஏடிஆர் 72 மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. 184 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இருபத்திரண்டு நிமிடம் போதும். அட்டவணையிலோ ஒரு மணிநேரம் போட்டிருக்கும். சென்னைக்கும் அப்படியே: வகுத்துப் பார்த்தால் முக்கால் மணிக்கும் குறைவு, அட்டவணையில் ஒன்றேகால் மணியை ஒட்டி. அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசையும் கணத்திலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் ஓய்ந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரும்வரை காத்திருப்பது, ஏறுவது, இறங்குமுன் வேகம் தணித்து வளைந்து வருவது, காற்றுக்காகக் கொஞ்சம், தாமதத்துக்காகக் கொஞ்சம் என எல்லாம் அதற்குள் அடக்கம். வழி குறுகக் குறுக இந்தச் சில்லறை நேரங்களின் பங்கு பெருகும். இதற்கும் முன்னால், பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணிநேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். கோவைக்குப் போகும் தொலைவுதான். ஆனால் கோவைக்குப் போக யாரும் கடவுச்சீட்டில் முத்திரை வாங்குவதில்லை. 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலுக்குச் சுமார் 110 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணிநேரம் ஆகிறது. காத்திருப்பையும் சேர்த்தால் விமானத்துக்கும் நான்கு மணிநேரந்தான்!

நிலையத்தில் என் பெட்டியைத் தராசில் வைத்தபோது நான்கு கிலோ அதிகம் காட்டியது. அத்தனையும் புத்தகம். ஐயாவின் மகள் கேட்டிருந்த சிலவும், கொக்குவில் நூல்நிலையம் ஒன்றுக்கென்று நான் எடுத்துப்போன சிலவும். கட்டணம் கட்டலாம், அல்லது எடுத்துவிடலாம் என்று முகப்பிலிருந்த பெண் கனிவாகச் சொன்னாள். விதி விதிதான், சிறிய விமானத்தில் எடையைக் கணக்கிட்டுத்தான் ஏற்ற முடியும். கைப்பையில் திணித்தது போக எஞ்சிய இரண்டு கெட்டி அட்டை நூல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். சுற்றிலும் பார்த்தேன். திருச்சியில் மருத்துவம் பார்த்துவிட்டுத் திரும்பும் முதியவர்கள், கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டு போகும் குடும்பம், கோயில்களுக்கு வந்து திரும்பும் கூட்டம். பேச்சைக் கேட்டால் ஏறக்குறைய அனைவரும் அந்தக் கரையினர். என்னைப் போல இந்தக் கரையிலிருந்து போகிறவர்கள் நான் பேசிப் பார்த்தவரையில் மூவர். அதில் இருவர் வியாபாரத்துக்காக. ஐயா சொன்னதன் பொருளை அந்த வரிசையில்தான் முழுமையாக உணர்ந்தேன். அவர்களுக்கு நாம் ஒரு மணிநேரம். நமக்கு அவர்கள் வேறு கண்டம்.

விமானம் தாழ்ந்தபோது சன்னலோரம் இருந்தேன். சிவந்த மண், பனைகள், வேலி. வேலிக்குள் கூரையில்லாத சுவர்கள். ஐயாவின் வீடு ஓடுபாதைக்குக் கிட்ட என்று சொல்லியிருந்தார். "என்ர வீட்டுக் கிணத்தடியில நிண்டா பிளேன் சக்கரம் தெரியும்." வலிகாமம் வடக்கில் காணிகள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் விடுவிக்கப்பட்டுவிடவில்லை. ஐயாவின் காணி விடுபடாதவற்றில் ஒன்று என்று மகள் பின்னர் சொன்னார். எனக்கு எளிதாகிப்போன இந்த ஒரு மணிநேரப் பயணம், அவரால் முப்பத்தோரு ஆண்டுகள் நடந்து போக முடியாத சில கிலோமீட்டரின்மேல் வந்து இறங்குகிறது. கொக்குவிலிலிருந்து பலாலி வெறும் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர். நடந்தால் ஒரு காலைப்பொழுது. இதைத் தெரிந்துகொண்டபின் நேரடி விமானத்தைப் பற்றி என்னால் கைதட்டி மட்டும் எழுத முடியவில்லை.

இனி என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் ஈழத்து இலக்கியம் 'அயலகத் தமிழ்' என்ற தாளில் ஓர் அலகாக இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், கனடா ஆகியவற்றோடு. தாமோதரம் பிள்ளையோ 'பதிப்பு வரலாறு' தாளில் தமிழ்நாட்டுச் சான்றோராக வருகிறார். இறந்து நூறாண்டானால் நம்மவர், உயிரோடிருந்தால் அயலகத்தவர் என்பது என்ன வகைப்பாடு? 184 கிலோமீட்டரில் உள்ளதையும் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதையும் ஒரே அலமாரியில் வைக்கச் செய்தது தொலைவன்று. கொழும்பு வழியாகச் சுற்றிப் போன பழக்கம். அப்பழக்கத்தில் நமக்கு ஒரு வசதியும் இருந்தது: தூரத்தில் இருப்பதைப் படிக்காவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு பிழையும் நம்மிடம் உண்டு. 'அயல்' இல்லை என்றதும் 'நமது' என்று பாய்ந்து எடுத்துக்கொள்வது. பாடத்திட்டக் கூட்டத்தில் நான் இதைப் பேசியபோது மூத்த பேராசிரியர் ஒருவர், "அப்படியானால் தமிழக இலக்கியத்தோடு சேர்த்துவிடலாமே" என்றார். கூடாது என்றேன். மதுரையைவிடக் கிட்டத்தில் இருப்பதால் யாழ்ப்பாணம் மதுரையின் புறநகராகிவிடாது. அது தனக்கென ஒரு பேச்சும் சாதிச் சிக்கலும் அரசியலும் அச்சு மரபும் விமரிசன மரபும் கொண்ட நிலம். டானியலின் பஞ்சமரை நம் தலித் இலக்கியத்தின் முன்னோடி என்று ஒரு வரியில் சேர்த்துக்கொண்டு நகர்வதைவிட, அது யாழ்ப்பாணத்துக் கோயில் நுழைவுப் போராட்டங்களின் மண்ணில் எழுந்தது என்று படிப்பது கடினமான வேலை. பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரராகவே வைத்துக்கொண்டு, அடிக்கடி போய்வருவது போதும். ஈழத்து இலக்கியத்துக்குத் தனித் தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நூல் கிடைக்குமா என்று கேட்டார்கள். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் மின்வடிவாக்கி வைத்திருப்பவற்றைக் காட்டினேன். அதற்குப் பிறகு நூல் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னார்கள்.

கொக்குவிலில் ஐயாவின் டிரங்குப் பெட்டி அப்படியே இருந்தது. மகள் திறந்து காட்டினார். நான் 2004இல் பென்சிலால் குறியிட்டு வைத்திருந்த துண்டுத்தாள்கள் பக்கங்களுக்குள் பழுத்துப்போய் இருந்தன. "அப்பா ஒண்டையும் எடுக்க விடேல்ல. நீங்கள் வந்து பாப்பியள் எண்டவர்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, பட்டியல் எழுதத் தொடங்கினேன். மூன்று நாளில் அறுபத்தொரு தலைப்புகள். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

டிசம்பர் விடுமுறையில் மறுபடி போகிறேன். இம்முறை மாணவர்களையும் அழைத்துப் போகலாம் என்று வகுப்பில் கேட்டேன். நான்கு பேர் கை தூக்கினார்கள். தூரம் கேட்ட அந்த மாணவியும் ஒருத்தி. நால்வரில் ஒருவரிடமும் கடவுச்சீட்டு இல்லை. விண்ணப்பித்திருக்கிறார்கள். மூவருக்கு வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் காவல் நிலைய விசாரணை இன்னும் முடியவில்லை.